தொங்கிய கேட்டும் நாலு மூலையும்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு முன்கேட் பூவரசங் கட்டையில் செய்தது. அகலம் 120 செ.மீ., உயரம் 90. பின்பக்கம் வரிசையாகப் பனஞ்சட்டம் அடித்திருக்கும். ஆடு உள்ளே வரக் கூடாது என்பதற்காகப் போட்ட கேட், அவ்வளவுதான். தரையிலிருந்து அரைச் சாணுக்கு மேல் உயரத்தில் நின்றது, இந்த ஆடி முடிவதற்குள் கொண்டிப் பக்கம் மணலில் உட்கார்ந்துவிட்டது. திறக்கும்போதெல்லாம் மணலில் வில் மாதிரி ஒரு கோடு. காலையில் பால்காரர் வந்து தள்ளினால் தெருவே எழுந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் போட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அன்றைக்கு ஒரு வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள பொருள்களில் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் தேடி வரைய வேண்டும். கத்தரிக்கோல், கதவு மூலை, விரித்த புத்தகம் என்று மூன்றை எழுதிவிட்டு எழுந்துகொள்ளப் பார்த்தாள். "இங்கே வா, இந்த ஒரு கேட்டிலேயே எல்லாம் இருக்கு" என்று கூப்பிட்டேன். சும்மா ஆள் பிடிப்பதற்காகச் சொன்னதுதான். நிஜமாகவே எல்லாம் இருந்தது.

முதலில் பெயரில் ஒரு சண்டை. "செங்கோணம்னா சிவப்புக் கோணமாப்பா?" என்று கேட்டாள். இந்தச் 'செம்' நிறத்தைச் சொல்வதல்ல, செம்மை. செங்குத்து, செங்கோல் எல்லாம் அதே குடும்பம். நேராக நிற்பது செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். அப்படி நேராக நிமிர்ந்து நிற்கும் கோணம் செங்கோணம், 90 பாகை. அதற்குக் குறைந்தால் குறுங்கோணம். அதைத் தாண்டி விரிந்தால், 180க்கு உள்ளே இருக்கும்வரை, விரிகோணம். 180ஐத் தொட்டால் ஒரே கோடு, நேர்கோணம். பெயரைக் கேட்டாலே பொருள் தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். 'செம்' ஒன்றுதான் குழப்பும்.

கேட்டைத் தரையில் படுக்கப் போட்டதும் பாகைமானியை எடுத்துக்கொண்டு வந்தாள். கீல் பக்கத்து மேல்மூலையில் வைத்துப் பார்த்து "95" என்றாள். எனக்குச் சந்தேகம். கொண்டிப் பக்கம் கீழே தொங்கியிருந்தால் அந்த மூலை சுருங்கியல்லவா இருக்க வேண்டும்? பாகைமானியில் இடமிருந்து வலம் ஒரு வரிசை, வலமிருந்து இடம் ஒரு வரிசை என்று எண்கள் இரண்டு முறை எழுதியிருக்கும். அவள் தவறான வரிசையில் படித்திருந்தாள். 85ம் 95ம் ஒரே கோட்டில் இருக்கும் எண்கள். நானும் பள்ளிக்கூடத்தில் இந்தத் தப்பைச் செய்து அடி வாங்கியிருக்கிறேன்.

அதனால் பாகைமானியை ஓரமாக வைக்கச் சொன்னேன். பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்தேன், ஓரமெல்லாம் கோணல்மாணலாக. அதை ஒருமுறை மடித்தால் ஒரு நேர்கோடு. அந்த மடிப்புக்கோடு தன் மேலேயே சரியாகப் படியும்படி இன்னொருமுறை மடித்தால், நடுவில் கிடைக்கும் மூலை செங்கோணம். நேர்கோணம் 180, அதைச் சரிபாதி ஆக்கினால் 90. எந்தக் கருவியும் வேண்டாம், எவ்வளவு கிழிந்த தாளிலும் வரும். இந்தத் தாள் மூலையைக் கேட்டின் மூலைக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டியதுதான். தாள் உள்ளே போகாமல் மரத்தில் ஏறினால் அது குறுங்கோணம். தாள் உட்கார்ந்து பக்கத்தில் இடைவெளி தெரிந்தால் விரிகோணம். முதலில் இது எந்த வகை என்று தெரிந்துகொண்டு, அப்புறம் எண்ணைப் படித்தால் 85க்குப் பதில் 95 வராது.

தாள் போட்டுப் பார்த்ததில் கீல் பக்கத்து மேல்மூலை குறுங்கோணம், கீழ்மூலை விரிகோணம். கொண்டிப் பக்கம் நேர்மாறு: மேலே விரிகோணம், கீழே குறுங்கோணம். பாகைமானியில் 85, 95, 95, 85. எதிரெதிர் மூலைகள் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்து மூலைகளைக் கூட்டினால் 180. நான் எதுவும் சொல்வதற்கு முன் அவளே கூட்டிப் பார்த்து "நாலும் சேர்ந்து 360 வருதுப்பா" என்றாள். கேட் தொங்கியதில் ஒரு மூலையில் குறைந்த 5 பாகை பக்கத்து மூலைக்குப் போயிருக்கிறது. எங்கேயும் தொலைந்து போகவில்லை.

5 பாகை என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. 120 செ.மீ. தள்ளிப் போய்ப் பார்த்தால் 10 செ.மீ.க்கு மேல் இறக்கம். இங்கேதான் மகளுக்கு ஒரு குழப்பம் வந்தது. "கீல் கிட்ட கொஞ்சம்தான் இறங்கியிருக்கு, கொண்டி கிட்ட நிறைய இறங்கியிருக்கு. அப்ப கொண்டி கிட்ட கோணம் பெருசா?" நல்ல கேள்வி. வலைக்கயிறு ஒன்றை மேல்மூலையில் ஆணியில் கட்டி, மூலைமட்டத்துக்கு (தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் கருவி) நேராக இழுத்துப் பிடித்தேன். கயிற்றுக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே இடைவெளி, ஆணியிலிருந்து ஒரு சாணில் இரண்டு செ.மீ.கூட இல்லை, கடைசியில் 10. ஆனால் பாகைமானியை ஆணியில் வைத்துப் படித்தால் 5 தான். கயிற்றை இன்னும் பத்தடி நீட்டித் தென்னைமரம் வரை கொண்டுபோனாலும் அதே 5. இரு கோடுகளும் எவ்வளவு நீளமானாலும் கோணத்துக்குக் கவலையில்லை, எவ்வளவு திரும்பியது என்பதுதான் கணக்கு. இதைப் புரியவைக்க ஒரு அரைமணி போனது. கேட் வேலை அப்படியே கிடந்தது.

கேட்டின் இறக்கம் முழுவதும் மூலையால் வந்ததா, தூணும் சாய்ந்திருக்கிறதா என்று அடுத்த சந்தேகம். தூக்குக்குண்டு வீட்டில் இல்லை. வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை நைலான் நரம்பில் கட்டித் தூண் மேலிருந்து தொங்கவிட்டேன். கச்சான் காற்றில் அது ஊசலாடிக்கொண்டே இருந்தது, நிற்கிற வழியைக் காணோம். அடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் குண்டை அதற்குள் முக்கி விட்டேன். சற்று நேரத்தில் அடங்கி நின்றது. நீர்ப்பரப்பு எப்போதும் கிடைமட்டம், தொங்கும் நரம்பு எப்போதும் செங்குத்து. வாளிக்குள் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் உலகத்திலேயே செலவில்லாத செங்கோணம். மகளுக்கு இது பிடித்துப்போய், வீட்டுப்பாடத்தில் கதவு மூலையை அடித்துவிட்டு வாளியை வரைந்தாள்.

தூண் 90 செ.மீ. உயரத்தில் ஒன்றரை செ.மீ. கொண்டிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அறுபதுக்கு ஒன்று. கிட்டத்தட்ட 1 பாகை. ஆக மூலையில் 5, தூணில் 1. சிமெண்டுத் தூணைப் பெயர்க்கும் எண்ணம் எனக்கில்லை. இரண்டு கீலுக்கும் இடையே 60 செ.மீ., அந்த உயரத்துக்குச் சாய்வு 1 செ.மீ. கீழ்க்கீலுக்குப் பின்னால் 1 செ.மீ. கனத்தில் பலகைத் துண்டு கொடுத்தால் கீல்கள் ஒரே செங்குத்தில் வந்துவிடும். தூண் சாய்ந்தபடியே நிற்கட்டும்.

சரி, சட்டத்தை எப்படிச் செங்கோணத்துக்குக் கொண்டுவருவது? மூலைக்கு மூலை அளந்தேன். கீல் பக்க மேல்மூலையிலிருந்து கொண்டிப் பக்கக் கீழ்மூலைக்கு 156 செ.மீ. மற்ற மூலைவிட்டம் 143 ½. செவ்வகமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு? 90, 120 என்றால் 150. 3, 4, 5 கணக்குத்தான், ஒவ்வொன்றையும் 30ஆல் பெருக்கினால் இது. வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது கொத்தனார் 3 அடி, 4 அடி குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதும் இதே கணக்கு. என் கேட் இந்த அளவில் அமைந்தது தற்செயல்.

நீண்டுபோன மூலைவிட்டத்தில் வலைக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கயிறு குறுகிச் சட்டத்தை இழுக்கும். மகள் டேப் பிடித்தாள். 153க்கு வந்தபோது மற்றது 147. இது குறையக் குறைய அது வளர்ந்தது. 151ல் கை வழுக்கிக் குச்சி சுழன்று என் மணிக்கட்டில் அடித்தது. முறுக்கிய குச்சியைக் கட்டாமல் விடாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். இரண்டாவது முறை இரண்டும் 150ல் நின்றன. நாலு மூலையிலும் செய்தித்தாள் துண்டு வெட்டி வைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆடிக் கிடந்த மூட்டுகளில் பசை விட்டு அப்படியே ஓர் இரவு விட்டேன்.

பசையும் மூட்டும் மட்டும் இந்த 90ஐக் காப்பாற்றாது. நாலு கட்டைகளை நாலு மூலையில் சேர்த்தால் நீளம் எதுவும் மாறாமலே கோணம் மாறும். என் கேட்டே சாட்சி. மூன்று கட்டைகளைச் சேர்த்தால் அப்படி ஆகாது. முக்கோணத்தில் ஒரு கோணம் மாற வேண்டுமானால் ஏதாவது ஒரு பக்கம் நீளவோ குறுகவோ வேண்டும். அதனால் ஒரு குறுக்குக்கட்டை அவசியம். இரண்டு வருடத்துக்கு முன் இதே கேட் லேசாகத் தொங்கியபோது நானே ஒரு சட்டத்தை மூலைக்கு மூலை ஆணி அடித்திருந்தேன். ஆனால் கீல் பக்க மேல்மூலையிலிருந்து கொண்டிப் பக்கக் கீழ்மூலைக்கு. நீளப் போகிற மூலைவிட்டம் அது. கேட் தொங்கும்போது கட்டையைத் தன் இரு முனையிலும் பிடித்து இழுக்கும். கட்டை தாங்கும், ஆணி தாங்காது. துரு ஏறிய ஆணி இரண்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. அந்தத் திசையில் கம்பிதான் போட வேண்டும். கட்டை போடுவதென்றால் சுருங்கப் பார்க்கிற மூலைவிட்டத்தில், அதாவது கீல் பக்கக் கீழ்மூலையிலிருந்து கொண்டிப் பக்க மேல்மூலைக்கு. அங்கே கட்டை முட்டுக்கொடுத்து நிற்கும், ஆணிக்கு வேலையே இல்லை.

அடுத்த ஞாயிறு குறுக்குக்கட்டை அறுத்தேன், தப்பாக. மூலைக்கு மூலை என்றால் பாதிப் பாதி, 45 பாகை என்று ஒரு நினைப்பு. ஏழரை செ.மீ. அகலக் கட்டையின் நுனியை இரு பக்கமும் 45ல் சீவி மூலைக்குள் வைத்தால் உட்காரவில்லை. கட்டையைத் திருப்பி மூலையில் அமர்த்தினால் அதன் மறுமுனை கொண்டிப் பக்க மூலைக்கு 30 செ.மீ. முன்பே மேல்சட்டத்தைப் பார்க்கிறது. மறுமுனையை மூலைக்கு இழுத்தால் இங்கே நுனி மூலையைத் தொடவே இல்லை, ஒரு தோள் மட்டும் முட்டி நிற்கிறது. அகலமும் உயரமும் சமமாக இருந்தால்தான் 45. என் கேட் அகலம் கூடியது.

பிறகு பாகைமானியோடு உட்கார்ந்து 37 என்று கணக்குப் போட்டேன். 3-4-5 முக்கோணத்தின் சின்னக் கோணம் ஏறக்குறைய அதுதான். இதற்குள் அடுத்த தெருவில் படகு வேலை பார்க்கும் ஆசாரி அந்த வழியாக வந்தார்.

"என்ன தம்பி, கேட்டை வச்சு ரெண்டு வாரமா என்ன பண்றீக?"

"குறுக்குக்கட்டைக்குக் கோணம் பாக்குறேன்ணே. 37 வருது."

குனிந்து பார்த்தார். "எதுல எதுக்கு அளந்தீக? வெளிய வெளியவா? கட்டை உள்ளல்ல உக்காரப் போகுது?"

சட்டக்கட்டை ஒவ்வொன்றும் ஏழரை செ.மீ. அகலம். உள்ளளவு 105க்கு 75. அதற்குக் கோணம் 35 ½. புத்தகத்தில் கோட்டுக்கு அகலம் கிடையாது, மரத்துக்கு உண்டு. ஒன்றரை பாகை வித்தியாசத்தில் வெட்டியிருந்தால் இன்னொரு கட்டையும் போயிருக்கும்.

"அளக்கவே வேணாம். கட்டைய அடியில போட்டு, மேல சட்டத்த வச்சு, பென்சில்ல கோடு இழுங்க. மரம் தன்னால சொல்லும்" என்று அவரே குந்தி உட்கார்ந்து கோடு போட்டார். படகில் மூலைமட்டத்துக்கு வேலையே கிடையாதாம். பலகை ஒவ்வொன்றும் விலாக்கட்டையோடு ஒவ்வொரு கோணத்தில் சேரும், படகின் முன்முனையான அணியத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. அவர் கையில் இருந்தது திருகைத் தளர்த்தினால் அலகு திரும்புகிற மட்டம். இடத்தில் வைத்துத் திருகை இறுக்கி, அந்தச் சாய்வை அப்படியே பலகைக்குக் கொண்டுபோவார். எத்தனை பாகை என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அவர் போட்ட கோட்டில் அறுத்த நுனியைத்தான் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட வேண்டும். இரண்டு வெட்டும் சேர்ந்து ஒரு ஈட்டிமுனை மாதிரி. "குறுங்கோணம்" என்றாள் மகள் பார்த்தவுடனே. கூராக இருந்தால் குறுங்கோணம் என்று யாருக்கும் தோன்றும். செய்தித்தாள் துண்டை வைத்துப் பார்த்தால் சரியாக 90. கேட்டின் செங்கோண மூலைக்குள் இடைவெளியில்லாமல் உட்காருகிற நுனி வேறு என்னவாக இருக்க முடியும்? சாய்ந்து கிடப்பதால் கூராகத் தெரிகிறது. புத்தகத்தில் செங்கோணத்தை எப்போதும் ஒரு கால் தரையில், ஒரு கால் வானத்தில் என்று வரைந்தே பழக்கிவிடுகிறார்கள். திருப்பிப் போட்டால் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிவதில்லை.

நுனியிலிருந்து வெட்டு கட்டையின் விளிம்பைச் சேரும் இரண்டு தோள்களும் விரிகோணம், ஒன்று 144 ½, இன்னொன்று 125 ½. வெட்டி விழுந்த இரண்டு சில்லுகளும் சின்னதும் பெரியதுமான முக்கோணங்கள். இரண்டிலும் ஒரு மூலை கட்டையின் பழைய மூலை, 90. மற்றவை 35 ½, 54 ½, குறுங்கோணங்கள். இரண்டும் சேர்ந்து 90 ஆவதால் பள்ளிக்கூடத்தில் நிரப்புக் கோணங்கள் என்பார்கள். சில்லுகளை நுனிக்கு இரு பக்கமும் திரும்ப ஒட்டவைத்தால் கட்டையின் பழைய முனை, நேர்கோடு: 54 ½, 90, 35 ½, மொத்தம் 180. ஒரு கட்டை முனையில் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், நேர்கோணம் நாலும் கிடைத்துவிட்டன. மகள் சில்லுகளைப் பென்சில் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள்.

கீல் வாங்க ராமநாதபுரம் போனோம். பழைய இரும்புக் கீல் உப்புக் காற்றில் ஏடு ஏடாக உரிந்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 என்ற ரகம் கடல் ஓரத்தில் கொஞ்ச நாளில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 என்ற ரகம் தாங்கும். விலை கூடுதல்தான், வாங்கினேன். பஸ் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது மகள் ரயில் பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் போக வழிவிட நடுவில் இரண்டு இறக்கைகள் அண்ணாந்து எழும்பின. கிடை நிலையிலிருந்து புறப்பட்டுக் குறுங்கோணமாக வளர்ந்துகொண்டே போய்ச் செங்கோணத்தை நெருங்கின. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தளம் முழுதாக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. "அப்ப இதுல கோணமே இல்லையாப்பா?" தளத்தைத் தூக்கும் பாலத்துக் கோபுரத்துக்கும் தளத்துக்கும் நடுவே 90 இருக்கிறது. கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அது மாறாது, மாறினால் தளம் மாட்டிக்கொள்ளும். அந்தத் தளத்தின் பக்கவாட்டிலும் நம் கேட் மாதிரி சாய்வுக்கட்டைகள்தான், இரும்பில்.

மாட்டிய அன்று சாயங்காலம் ஒரு கடைசி வேலை. கேட் அடியில் மணலில் குச்சியால் கோடு போட்டாள். மூடியிருந்தால் 0. பாதி திறந்தால் குறுங்கோணம். வாசலுக்கு நேராக நின்றால் 90, பைக் உள்ளே வர அது போதும். அதையும் தாண்டித் தள்ளினால் விரிகோணம், 130ல் தண்ணீர்த் தொட்டியில் இடிக்கும். இடிக்காமலிருக்க 120ல் ஒரு கல் நட்டேன். மழையில் கோடு போய்விட்டது, கல் இருக்கிறது.

புரட்டாசியில் ஒருமுறை மூலைவிட்டம் அளந்தேன். 150.4, 149.6. நாலு மில்லிமீட்டர் போனால் போகட்டும்.

அடுத்தது கோழிக்கூட்டின் கதவு, அதுவும் தொங்குகிறது. உள்ளளவு 60க்கு 60, சதுரம். குறுக்குக்கட்டை 85 செ.மீ. வேண்டும். முதலில் 45ல் தப்பாகச் சீவிய அந்தக் கட்டையை நான் இன்னும் விறகில் போடவில்லை. ஒரு முனை வெட்டியே இருக்கிறது, இன்னொரு முனைதான் பாக்கி.